ஏஐ, விஆர் வச்சு பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை: எங்க தப்பு பண்றோம்?

மலேசியாவுல, பினாங்குப் பாலத்துல கார் ஓட்ட பயந்துக்கிட்டு, கார பட்டர்வொர்த்துலயே போட்டுட்டு ஃபெரியில வேலைக்கு வர்றவங்க நம்மகிட்ட இருக்காங்க. வெளிய சொல்ல மாட்டாங்க, "அந்தப் பக்கம் பார்க்கிங் கஷ்டம் லா"ன்னு முடிச்சுருவாங்க. இந்த மாதிரி பயத்துக்கு இப்ப விஆர் ஹெட்செட் (கண்ணுல மாட்டுனா அந்த எடத்துலயே இருக்கற மாதிரி காட்சி காட்டுற கருவி) மாட்டி சிகிச்சை பண்ணலாம், ராத்திரி தூக்கம் வராதப்ப ஏஐகிட்ட பேசலாம். ரெண்டுமே நல்லதுதான், ஆனா ரெண்டுலயும் ஆளுங்க ஒரே எடத்துலதான் சறுக்குறாங்க, பயத்தை எதிர்கொள்ள வந்த சாமானை பயத்துக்கிட்ட இருந்து ஓடுறதுக்கு யூஸ் பண்றாங்க.

விஆர்ல பெரிய தப்பு, பதட்டம் உச்சத்துக்கு ஏறுறப்ப ஹெட்செட்ட கழட்டிடுறது. பாலத்து காட்சி ஓடுது, பக்கத்துல லாரி உரசுற மாதிரி வருது, உள்ளங்கை வேர்க்குது, தெரபிஸ்ட் "பூஜ்யத்துல இருந்து நூறு வரைக்கும் இப்ப பயம் எவ்வளவு?"ன்னு கேக்குறாங்க, "எம்பது"ன்னு சொல்லிட்டு அப்பவே கழட்டிட்டா, கழட்டுனதாலதான் தப்பிச்சோம்னு மூளை எழுதி வச்சுக்கும், அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரம் வரும். பயம் முழுசா எறங்கணும்னு கூட இல்ல, "மயங்கிருவேன், கார் கடல்ல போயிரும்"னு நெனச்சீங்களே, அது நடக்கலங்கறத நீங்களே பாக்கணும், அதுதான் மருந்து. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதனாலதான் முதல் நாளே பாலத்து நடுவுல விடாம படிப்படியா ஏத்துறாங்க. இது புதுசும் இல்ல, 1995லயே அமெரிக்காவுல பார்பரா ராத்பாம் குழு உயரத்துக்கு பயப்படுறவங்ககிட்ட விஆர் சோதிச்சு முடிவு வெளியிட்டாங்க, 2018ல ஆக்ஸ்ஃபோர்டு டேனியல் ஃப்ரீமன் குழு விஆர் உள்ளயே கம்ப்யூட்டர் உருவாக்குன ஒரு கோச்ச வச்சு செஞ்சு காட்டுனாங்க.

கடற்கரை, அருவின்னு காட்சி போட்டு மூச்சு விட்டா இதமா இருக்கும், அது வேற, பயத்துக்கு சிகிச்சை வேற. அதே மாதிரி ஹெட்செட்டுல எத்தனை தடவை பாலம் தாண்டுனாலும் நெஜ பாலத்துக்கு போகணும், ஞாயித்துக்கிழமை விடிகாலையில நம்பிக்கையான ஆள பக்கத்துல ஒக்கார வச்சு ஒரு தடவை, அப்புறம் தனியா. வலிப்பு இருந்தா ஹெட்செட் மாட்டுறதுக்கு முன்னாடியே தெரபிஸ்ட்கிட்ட சொல்லிருங்க, கழட்டுனப்புறம் தலை சுத்துனா உடனே வண்டி எடுக்காதீங்க.

ஏஐ கதை இன்னும் நுணுக்கமானது. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, "இது ஹார்ட் அட்டாக் இல்லதானே?"ன்னு கேக்குறோம், அது பொறுமையா ஆறுதல் சொல்லுது, பத்து நிமிஷம் நிம்மதி, திரும்ப வேற மாதிரி கேக்குறோம். மனுஷனா இருந்தா மூணாவது தடவை நிறுத்திருப்பான், இது நிறுத்தாது, கேக்க கேக்க சந்தேகம் தீனி தின்னு வளருது. புதுசா நெஞ்சு வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு போங்க, டாக்டர் பாத்து ஹார்ட் நல்லா இருக்குன்னு சொல்லிட்டார்னா அதுக்கப்புறம் ஏஐகிட்ட அதையே கேக்காதீங்க, "என்னை சமாதானப்படுத்தாத, இந்த நெனப்ப எப்படி சோதிக்கறதுன்னு கேள்வி கேளு"ன்னு சொல்லிப் பாருங்க.

சாகணும்னு தோணுற நேரத்துல மட்டும் சாட்பாட் வேணாம், கெஞ்சி கேக்குறேன். 2023ல அமெரிக்காவுல டெஸ்ஸான்னு ஒரு சாட்பாட், சாப்பாட்டுக் கோளாறால அவதிப்படுறவங்களுக்கே எடை குறைக்க டிப்ஸ் குடுத்துருச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க. அந்த நேரத்துல மனுஷங்ககிட்ட பேசுங்க: பிஃப்ரண்டர்ஸ் கேஎல் 03-7627 2929, ஹீல் லைன் 15555, உயிருக்கு ஆபத்துன்னா 999. போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு பயப்படாதீங்க, தற்கொலை முயற்சிய குற்றம்னு சொன்ன தண்டனைச் சட்டத்தோட 309வது பிரிவ 2023ல நம்ம நாடாளுமன்றம் நீக்கிருச்சு.

மனச்சோர்வுக்கும் விஆர் அதே அளவுக்கு வேலை செய்யும்னு நெனைக்கறதும் தப்பு, ஆதாரம் அதிகமா இருக்கறது பயம் சம்பந்தப்பட்ட பிரச்சினைகளுக்குத்தான். எப்பவும் சோர்வா இருந்தா முதல்ல கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) போங்க, தைராய்டு கோளாறு, ரத்த சோகை கூட இப்படித்தான் காட்டும். மாத்திரை குடுத்தா முழுசா வேலை செய்ய சில வாரம் ஆகும், ஏஐ ஆப் இருக்கேன்னு மாத்திரைய திடீர்னு நிறுத்தாதீங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல ஏஐகிட்ட பேசுனதையும் தொறந்து டாக்டர்கிட்ட காட்டுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல, எத்தனை மணிக்கு என்ன கேட்டீங்கன்னு பாத்தாலே அவருக்கு பாதி புரிஞ்சுரும்.