தங்கமா, தகரமா? மெட்டல் டிடெக்டர் சொல்வதைப் புரிந்துகொள்வது எப்படி

மெட்டல் டிடெக்டருக்குத் தங்கம் எது, தகரம் எது என்று தெரியாது. மண்ணுக்குள் கிடக்கும் பொருள் காந்தத்தில் ஒட்டுமா, அதில் கிளம்பிய மின்னோட்டம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதை வைத்து ஓர் ஒலியும் திரையில் ஓர் எண்ணும் தருகிறது. அந்த எண்ணைத்தான் டார்கெட் ஐடி என்கிறோம். மீதி ஊகம் நம்முடையது.

உள்ளே நடப்பது என்ன

புதியவர்கள் வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவை விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) வகை. தரைக்கு மேலே வீசும் தட்டுப் பகுதியான காயிலுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்தும். 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்கள்தான் அதிகம் புழக்கத்தில் உள்ளன. உலோகம் குறுக்கிட்டால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, இரண்டாவது சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை, அதாவது வந்த அலை எவ்வளவு பின்தங்கியது என்பதைத்தான், கருவி எண்ணாக மாற்றுகிறது.

தடித்த வெள்ளி, செம்பு நாணயங்களில் சுழல் மின்னோட்டம் மெதுவாக அடங்கும். எண் பெரிதாக வரும். மெல்லிய அலுமினியத் தாளில் சட்டென அடங்கிவிடும், எண் சிறிது. இரும்பு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக் குவிப்பதால் அளவுகோலின் அடியில் தனியாக விழும்.

உலோகத்தின் வகை மட்டுமல்ல, பருமனும் வடிவமும் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. அலுமினியத்தின் மின்கடத்துத்திறன் செம்பினுடையதில் சுமார் 60 சதவீதம். அதே அலுமினியம் தாளாக இருந்தால் கீழே காட்டும்; நசுங்கிய முழு டின்னாக இருந்தால் வெள்ளி நாணயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தூய தங்கம் நன்றாகவே கடத்தும், சுமார் 70 சதவீதம். ஆனால் நகைக்காக வெள்ளியும் செம்பும் கலந்ததும் அந்தத் திறன் பெரிதும் சரிந்துவிடும். அதனால் மெல்லிய மோதிரம் அலுமினியத் தாளின் எண்ணிலும், சற்றுத் தடித்தது குளிர்பான டின்னைத் திறக்கும் காதின் எண்ணிலும் வந்து உட்காரும். வெட்டுப்பட்ட மோதிரத்தில் மின்னோட்டம் முழு வட்டம் சுற்ற முடியாது. எண் இன்னும் கீழே இறங்கும். மெல்லிய சங்கிலி அதைவிட மோசம்: கருவி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பார்ப்பதால், பல நேரம் கொக்கி மட்டும்தான் சத்தம் தரும்.

படி 1: உங்கள் கருவிக்கான அட்டவணை

இரும்பு ஆணி, துருப்பிடித்த வாஷர், சோடா மூடி, டின் காது, அலுமினியத் தாள் துண்டு, ஈயக் குண்டு, செம்பு நாணயம், வெள்ளி நாணயம், முடிந்தால் மெல்லியதும் தடித்ததுமாக இரண்டு தங்க மோதிரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி அடிக்காத மரப்பலகை மேல் காயிலை வையுங்கள். கைக்கடிகாரம், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கான்கிரீட் தரைக்குள் கம்பி இருக்கும் என்பதால் திறந்தவெளியில் செய்வது நல்லது. (1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி கொண்டுவந்தார். படுக்கையின் உலோகச் சுருள்களும் சேர்ந்து குழப்ப, குண்டு அகப்படவில்லை.)

ஒவ்வொரு பொருளையும் காயிலுக்கு 10 செ.மீ. தூரத்தில் அசைத்து எண்ணைக் குறியுங்கள். பிறகு 20 செ.மீ. தூரத்தில். நாணயத்தைப் படுக்கையாக ஒரு முறை, நிமிர்த்தி ஒரு முறை. இணையத்தில் கிடைக்கும் பொது அட்டவணையை நம்ப வேண்டாம்; ஒரே நாணயத்துக்கு ஒவ்வொரு மாடலும் ஒவ்வோர் எண் காட்டும்.

படி 2: கிரவுண்ட் பேலன்ஸ்

மண் தரும் சிக்னலைக் கருவி கணக்கிலிருந்து விலக்கிவிடும் அமைப்பு இது. உலோகம் இல்லாத இடத்தில், அதற்கான பட்டனை அழுத்தியபடி காயிலைத் தரையிலிருந்து சுமார் 3 செ.மீ.க்கும் 30 செ.மீ.க்கும் இடையே மேலும் கீழுமாக அசையுங்கள். ஒலி மாறாமல் நின்றால் சரி. இதைத் தவிர்த்தால் மண்ணிலுள்ள இரும்புத் தாதும் சிக்னலாகக் கலந்து எண்கள் நழுவும். ஈரமான கடல் மணலில் உப்புநீரே மின்கடத்தி என்பதால் கருவி ஓயாமல் கத்தும். அங்கே பல அதிர்வெண் கருவி, அல்லது காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை வேண்டும். பின்னது உப்பையும் தாதுமண்ணையும் நன்றாகத் தாங்கும். உலோகம் பிரிப்பதில் பலவீனம்.

படி 3: டிஸ்கிரிமினேஷனைக் குறையுங்கள்

வேண்டாத எண்களுக்கு ஒலி வராமல் வெட்டும் அமைப்பு இது. எல்லோரும் முதலில் இதைத்தான் ஏற்றிவிடுகிறார்கள். டின் காதின் எண்ணை வெட்டிவிட்டால் சத்தம் குறையும், உண்மைதான். அதே எண்ணில் கிடக்கும் மோதிரங்களும் சேர்ந்து வெட்டுப்படும். காதை விட்டு மோதிரத்தை மட்டும் காட்டும் செட்டிங் எதுவும் கிடையாது.

இரும்பைக்கூட முழுக்க மௌனமாக்காமல், தாழ்ந்த ஒலியில் கேட்கும்படி வையுங்கள். மௌனமாக்கினால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் நாணயமும் அதன் நிழலில் மறைந்துபோகும். ஆணிகள் நிறைந்த இடத்தில் சிறிய காயில் போட்டு, ரெகவரி ஸ்பீடை, அதாவது ஒரு சிக்னலுக்குப் பிறகு அடுத்ததைப் பிடிக்கக் கருவி தயாராகும் வேகத்தை, கூட்டுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும்.

படி 4: வீச்சு

காயிலைத் தரைக்கு 2, 3 செ.மீ. மேலே, தரைக்கு இணையாக வீசுங்கள். ஓரங்களில் தூக்காதீர்கள். கருவி காரணமின்றிப் பிதற்றினால் சென்சிடிவிட்டியை (உணர்திறனை) ஓரிரு புள்ளி இறக்குங்கள்.

படி 5: சிக்னலைச் சோதித்தல்

எண்ணை விட இங்கே காதுக்குத்தான் வேலை அதிகம்.

சிக்னல் வந்த இடத்தில் இரு திசையிலும் வீசுங்கள். பிறகு 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். நாணயமும் மோதிரமும் எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே எண், ஒரே ஒலி தரும். ஆணி நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் வேறொன்றும் சொல்லும். ஒலி இரண்டாக உடையும்.

தட்டையான இரும்பு ஏமாற்றும். சோடா மூடி, வாஷர் போன்றவற்றில் சுழல் மின்னோட்டம் வலுவாக ஓடுவதால் எண் மேலே தாவி நல்ல நாணயம்போல் காட்டும். டிடி வகைக் காயிலாக (இரண்டு D வடிவச் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி அமைந்தது) இருந்தால், வீசிக்கொண்டே காயிலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, அதன் முன்நுனி மட்டும் பொருளின் மேல் படும்படி செய்யுங்கள். சோடா மூடியாக இருந்தால் இனிய ஒலி பெரும்பாலும் கரகரத்து இரும்பொலியாக உடைந்துவிடும். நாணயம் அப்படியே மெலிந்து மறையும்.

அடுத்து காயிலை உயர்த்துங்கள். மேலாகக் கிடக்கும் நாணயம் 20 செ.மீ. உயர்த்துவதற்குள் ஒலி தேய்ந்துவிடும். நசுங்கிய டின் 30 செ.மீ. தாண்டியும் கத்தும்.

ஆழத்தில் உள்ள பொருளுக்கு இந்த விதிகள் தளரும். திரும்பி வரும் சிக்னல் மெலியும்போது மண்ணின் சிக்னல் கலந்து எண் அலைபாயும், பல நேரம் இரும்புப் பக்கம் சாயும். மெல்லிய, ஆழமான சிக்னல் ஒரே திசையில் மட்டும் நன்றாக ஒலித்தாலும் தோண்டிப் பாருங்கள்.

படி 6: தோண்டுதல்

உயர்ந்த, நிலையான எண் என்றால் தோண்டுங்கள். நடு எண்கள் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தவை: கடற்கரையில் தோண்டுவது எளிது, மோதிரம் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு, எனவே எல்லாவற்றையும் எடுங்கள், குப்பை நிறைந்த பூங்காவில் ஒலி திடமாக இருப்பவற்றை மட்டும். பழைய போர்க்களங்களில் பெரிய இரும்பு சிக்னல் வெடிக்காத குண்டாக இருக்கலாம். அதைத் தொடாமல் காவல்துறையிடம் சொல்லுங்கள்.

பொருள் வெளியே வந்ததும் குழிக்குள் இன்னொரு முறை வீசுங்கள். மேலே கிடந்த ஆணியை எடுத்த பிறகுதான் கீழே இருக்கும் நாணயம் ஒலிக்கத் தொடங்கும்.