பேக்கர் மலையில் ஜூன் மாதப் பனிச்சறுக்கு: நேரம், கயிறு, பனிப்பாலம்

குளிர்காலத்தில் மலைக்குப் பனிச்சறுக்குப் போகிறவர்களின் முதல் பயம் பனிச்சரிவு. மே முடிந்து ஜூன் பிறக்கும்போது அது கொஞ்சம் குறையும். அந்த இடத்தில் பனிப்பிளவு, அதாவது பனியாற்றின் ஐஸில் விழும் ஆழமான வெடிப்பு, வந்து உட்கார்ந்துகொள்ளும். குளிர்காலம் முழுக்கப் பிளவுகளைப் பாலம்போல மூடியிருந்த பனி வெயிலில் இளைத்து, நடுவில் தொய்ந்து, ஒருநாள் இற்று விழும். சிக்கல் என்னவென்றால், இதமாகச் சறுக்க மேல்பனி இளக வேண்டும். பாலம் தாங்க அதே பனி இறுகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. பருவக் கடைசியில் பனியாற்று எரிமலையில் போடும் திட்டமெல்லாம் அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பேக்கர் மலையின் தெற்கு முகம், அதாவது ஈஸ்டன் பனியாறு. ஷ்ரைபர்ஸ் மெடோ வண்டி நிறுத்துமிடம் சுமார் 1,020 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காடு, பிறகு ரெயில்ரோடு கிரேட் என்ற கல்மேட்டு முகடு, பிறகு பனியாறு. 2,950 மீட்டர் வாக்கில் ஷெர்மன் எரிமலைவாயின் விளிம்பு வரும். அதற்குமேல் ரோமன் வால் (Roman Wall, ‘ரோமன் சுவர்’) என்ற செங்குத்தான ஏற்றம்; அதைத் தாண்டினால் 3,286 மீட்டரில் தட்டையான உச்சி. மொத்த ஏற்றம் ஏறத்தாழ 2,270 மீட்டர். இதே மலைத்தொடரிலுள்ள ரெய்னியர், ஹூட் எரிமலைகளுக்குப் போகிறவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். 35 டிகிரிச் சரிவில் உறைந்த பனியில் தடுமாறாமல் திரும்பத் தெரியாதவர்களும், பிளவிலிருந்து ஆளைத் தூக்கும் முறையைக் கையால் செய்து பழகாதவர்களும் இந்த வருடம் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரவு உறைந்ததா?

வடமேற்குப் பனிச்சரிவு மையம் தினசரி முன்னறிவிப்பை ஏப்ரலோடு நிறுத்திவிடுகிறது. ஜூனில் உங்களுக்காகக் கணித்துச் சொல்ல ஆள் கிடையாது. வானிலை முன்னறிவிப்பில் உறைநிலை உயரத்தை (காற்று 0 டிகிரியைத் தொடும் உயரம்) மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு, காற்றின் வெப்பநிலை 2, 3 டிகிரி இருக்கும்போதே உறைந்துவிடும். மேகம் மூடினாலோ, காற்று அதே வெப்பநிலையில் இருந்தும் பனி இறுகாது. ஆகவே இரவு மேகமூட்டத்தை முதலில் பாருங்கள், உறைநிலை உயரத்தைப் பிறகு பாருங்கள்.

கடைசித் தீர்ப்பு பூட்ஸுடையது. அதிகாலை 3 மணிக்குச் சறுக்குக்கட்டையைக் கழற்றிவிட்டு (பனியாற்றுக்கு வெளியே, கீழேதான்) நின்று பாருங்கள். கால் பதியாமல் நின்றால் நல்ல சகுனம். 2 செ.மீ. ஓடு மட்டும் உடைந்து கால் கணுக்கால்வரை இறங்கினால், அந்த ஓடு காலை 8 மணியைத் தாண்டாது. கணுக்காலுக்கும் மேலே இறங்கினால் திரும்பிப் போய்த் தூங்கலாம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தெற்குச் சரிவில் மேல் 2, 3 செ.மீ. பனி மட்டும் இளகி, அடியில் இறுக்கமாக இருக்கும் நிலைக்குச் சறுக்குபவர்கள் கார்ன் என்பார்கள். கையில் அள்ளினால் கல்லுப்பு மாதிரி உதிரும். வெயில் நாளில் 2,000 மீட்டரில் அது காலை 9 மணி வாக்கிலேயே வந்துவிடும். உச்சியில் 11 மணிகூட ஆகலாம். உச்சி நன்றாக இளகட்டும் என்று மேலே காத்திருப்பதுதான் பலரும் செய்யும் பிழை. மேலே அருமையாகச் சறுக்கிவிட்டு இறங்கும்போது, பிளவுகள் நெருங்கிய நடுப்பனியாறு கஞ்சியாகக் குழைந்திருக்கும். மேலே பனி கொஞ்சம் முரடாக இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். மேல் 300 மீட்டரின் சுகத்தை விட்டுக்கொடுத்தால், கீழ் 1,000 மீட்டரும் பாலங்களும் நல்ல நிலையில் கிடைக்கும்.

மணிக்கு 300 மீட்டர் ஏறுகிறவர் 1,900 மீட்டரில் முகாமிட்டிருந்தால், அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 9 மணி வாக்கில் உச்சியைத் தொடலாம். வண்டியிலிருந்தே ஒரே மூச்சில் ஏறுவதென்றால் நள்ளிரவு தாண்டி 1 மணி வாக்கில் கிளம்ப வேண்டியிருக்கும். எங்கே நின்றாலும் 10.30 மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போய்ப் பேசி முடிவெடுத்தால் உச்சிதான் ஜெயிக்கும். எரிமலைவாய் விளிம்போடு திரும்பினால் இழப்பது சுமார் 330 மீட்டர் மட்டுமே. ரோமன் வால் கண்ணாடியாக உறைந்திருக்கும் நாளில் அந்த 330 மீட்டரில் சறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. விழுந்தால் நிற்காது, அவ்வளவுதான்.

எதைச் சுமப்பது

பனிச்சரிவுக்கான மூன்றும் (புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவர் என்ற ரேடியோ கருவி, மண்வாரி, துழாவு கம்பி) ஜூனிலும் வேண்டும். துழாவு கம்பி 3 மீட்டர் நீளம் இருந்தால் பிளவின் விளிம்பைத் தேடவும் உதவும். ஸ்கீ கிராம்பான், அதாவது சறுக்குக்கட்டையில் மாட்டும் பல் தகடு, தவறாமல் வேண்டும். காலை 5 மணிக்கு உறைந்த சரிவில், ஏறும்போது கட்டைக்கடியில் ஒட்டும் ஸ்கின் பட்டை மட்டும் போதாது. பூட்ஸ் கிராம்பான் எஃகாக இருக்கட்டும். அலுமினியம் பனிக்குச் சரி, ஆனால் பருவக் கடைசியில் வெளியே வரும் பழைய ஐஸில் அதன் முனை மழுங்கிவிடும். ஐஸ் கோடரி, ஹெல்மெட், ஆளுக்கொரு ஹார்னெஸ் (கயிற்றைக் கோர்க்கும் இடுப்புப்பட்டை).

கயிறு 30 மீட்டர். பனியாற்றுச் சறுக்குக்கென்றே செய்த 6 மி.மீ. கயிறு முக்கால் கிலோகூட வராது. கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரண 6 மி.மீ. கட்டுக்கயிற்றை அதற்குப் பதிலாக எடுத்துப்போகக் கூடாது. மெல்லிய கயிற்றில் இன்னொரு வம்பும் உண்டு: கயிற்றை இறுகப் பிடிக்கப் போடும் புரூசிக் முடிச்சு அதில் வழுக்கும். அதனால் பல்லுள்ள பிடிப்பான்கள், அதாவது மைக்ரோ டிராக்ஷன், டிப்லாக் மாதிரியானவை, ஆளுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். கூடவே 120 செ.மீ. ஸ்லிங் (நாடா வளையம்) இரண்டு, பூட்டுக் காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மூன்று நான்கு, 16 செ.மீ.க்குக் குறையாத ஐஸ் திருகு ஒன்று.

ஹார்னெஸைப் பனியாற்றில் கால் வைக்குமுன் மாட்டிவிட வேண்டும். அப்போதே 60 செ.மீ. ஸ்லிங் ஒன்றை ஹார்னெஸின் முன்வளையத்தில் கோர்த்து, மறுமுனையைக் காரபினரோடு தோள்பட்டையில் தொங்கவிடுங்கள். பிளவில் கைகள் நசுங்கிச் சிக்கியவரால் தன் இடுப்பைத் தொட முடியாது. மேலிருந்து இறங்கும் கொக்கியை அந்தத் தோள் காரபினரில் மாட்டினால் போதும்.

ஏறும்போது

பருவக் கடைசியில் ஏற்றம் முழுக்கக் கயிற்றில்தான். இரண்டு பேரென்றால் நடுவில் 15 மீட்டர் விட்டு, மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம். நடுப்பகுதியில் 2 மீட்டருக்கு ஒன்றாக நான்கைந்து முடிச்சு போடுங்கள். ஒருவர் விழுந்தால் முடிச்சு பிளவின் விளிம்பில் குத்தி நிற்க வாய்ப்புண்டு. விளிம்பு உறைந்து இறுகியிருந்தால் மெல்லிய கயிற்றின் முடிச்சு சறுக்கிக்கொண்டு வந்துவிடும். அதை மட்டும் நம்பாமல் கயிற்றைத் தொய்வில்லாமல் வைத்திருங்கள்.

பாலத்தைக் கண்டுபிடிக்க விடியற்கால வெயில்தான் சிறந்த விளக்கு. தாழ்ந்து விழும் ஒளியில், தொய்ந்த பாலம் நீளமான ஆழமில்லாத பள்ளமாக நிழல் காட்டும். காற்று கொண்டுவரும் தூசி அந்தப் பள்ளத்தில் தங்குவதால் லேசாகச் சாம்பல் பூத்த கோடாகவும் தெரியும். ஒரு பிளவு கண்ணில் பட்டால் அதன் இரு முனைகளையும் மனத்தில் நீட்டிப் பாருங்கள். மறைந்திருக்கும் பகுதி அந்தக் கோட்டில்தான் இருக்கும். சரிவு குவிந்து வளையும் இடங்களில் ஐஸ் இழுபட்டுப் பிளக்கும். ஆகவே மேட்டு வளைவுகளை விட்டு விலகிப் போங்கள். பிளவைக் குறுக்காகத்தான் கடக்க வேண்டும். அதன் ஓரமாகவே நடந்தால் இருவரும் ஒரே பாலத்தின்மேல் நிற்பீர்கள்.

ரோமன் வாலில் கணக்கு மாறுகிறது. அங்கே பிளவைவிட வழுக்கல்தான் ஆபத்து. நங்கூரம் (கயிற்றைப் பனியில் ஊன்றிக் கட்டும் பிடி) இல்லாமல் செங்குத்தில் ஒரே கயிற்றில் ஏறினால் ஒருவர் விழும்போது எல்லோரும் விழுவார்கள். 2002 மே 30 அன்று ஹூட் மலையில் மேலிருந்து வழுக்கிய கயிற்றுக் குழு ஒன்று கீழே இருந்தவர்களையும் வாரிக்கொண்டு பெர்க்ஷ்ரண்ட், அதாவது பனியாற்றின் மேல்முனையில் விழும் பெரிய பிளவில் விழுந்தது; 3 பேர் இறந்தார்கள். சுவரின் அடியில் பிளவு இல்லாத இடம் பார்த்துக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், அல்லது நங்கூரம் அடித்து ஏறுங்கள். நடுவழி கிடையாது.

இறங்கும்போது

பெரும்பாலோர் கயிறில்லாமல்தான் இறங்குகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கயிற்றோடு சறுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சறுக்குக்கட்டை எடையைப் பரப்புகிறது. வேகம் பாலத்தின் மேல் நிற்கும் நேரத்தைக் குறைக்கிறது. ஆனால் கயிறு யாரிடம் இருக்கிறது என்பதில் கவனம் வேண்டும். முதலில் போகிறவர்தான் பாலத்தைச் சோதிக்கிறார். அவரிடமே கயிறு இருந்தால் அவரோடு கயிறும் உள்ளே போய்விடும். ஒரே கயிறென்றால் அது கடைசி ஆளிடம், பையின் மேற்புறத்தில் இருக்கட்டும். இரண்டு கயிறு இருந்தால் இன்னும் நிம்மதி.

ஏறிய தடத்தின் ஓரமாகவே இறங்குங்கள்; காலையில் தாங்கிய பாலங்கள் அங்கேதான். பிளவுப் பகுதியில் ஒருவர் பின் ஒருவராக, 30 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில். நிற்பதென்றால் முன்னவருக்கு மேற்பக்கமாக நில்லுங்கள். பனியாற்றில் படம் எடுக்கவோ தண்ணீர் குடிக்கவோ நின்றால் கட்டையைக் கழற்றக் கூடாது. கழற்றியே தீர வேண்டுமென்றால் சுற்றிலும் துழாவிப் பார்த்த பிறகே.

இளஞ்சிவப்பாகத் தெரியும் பனியில் வேகமாக நுழையாதீர்கள். அது பாசி. பார்க்க அழகுதான், ஆனால் கட்டையைச் சடாரென்று பிடித்து ஆளை முன்னால் தள்ளிவிடும்.

விழுந்துவிட்டால்

முதலில் இரண்டாவது ஆள் உள்ளே விழக் கூடாது. குரல் கொடுத்துக்கொண்டே, கட்டையோடு, துழாவிக்கொண்டுதான் விளிம்பை நெருங்க வேண்டும். நங்கூரத்தைப் பிளவிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள்: இழுவிசைக்குக் குறுக்காக அரை மீட்டருக்குக் குறையாத பள்ளம், அதில் இரண்டு கட்டைகளையும் சேர்த்துப் படுக்கவைத்து, நடுவில் ஸ்லிங். ஜூன் மாதத்துக் குழைந்த பனியில் அரை மீட்டர் போதாது. இறுகிய பனி தட்டும்வரை தோண்டுங்கள். கட்டையின் எஃகு விளிம்பு ஸ்லிங்கை அறுத்துவிடும், எனவே அந்த இடத்தில் ஸ்கின் பட்டையைச் சுற்றுங்கள். ஸ்லிங் போக முன்னால் ஒரு குறுகிய வாய்க்கால் வெட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்லிங் கட்டையை மேலே தூக்கிப் பிடுங்கிவிடும். பள்ளத்துக்கு முன்னாலுள்ள பனியை மிதிக்கக் கூடாது. சுமையைத் தாங்கப் போவது அதுதான்.

பிறகு கயிற்றின் முனையைக் காரபினரோடு இறக்கி அவர் மாட்டிக்கொள்ளட்டும். விளிம்பில் கயிறு பனியை அறுத்துக்கொண்டு புதையாமலிருக்க அதற்கடியில் ஊன்றுகோலை வைத்து, அதையும் கட்டிவிடுங்கள். மூன்றுக்கு ஒன்று கப்பி அமைப்பில் (இழுவிசை மூன்று மடங்காகும்படி கயிற்றை மடித்துக் கோர்ப்பது) ஒரே ஆள் ஒருவரைத் தூக்க முடியும், ஆனால் வியர்த்துக் கொட்டும். பிளவு குறுகுமிடத்தில் சிக்கியவரின் உடல்சூடே சுற்றிலும் ஐஸை உருக்க, அவர் மெல்ல இன்னும் கீழே இறங்கிப் போவார். ஆகவே தூக்க முடியாவிட்டாலும் முதலில் அவரைக் கயிற்றில் பிடித்து நிறுத்த வேண்டும். செயற்கைக்கோள் கருவியில் உதவிக்கு அழைப்பது அதற்கு அடுத்த நிமிடம்.

எரிமலை என்பதால் வரும் தொல்லைகள்

ஷெர்மன் எரிமலைவாய் இன்றும் ஆவி விடுகிறது. 1975 மார்ச்சில் அங்கே ஆவி திடீரென்று பெருகியபோது, சேற்றுப் பெருக்குக்குப் பயந்து கீழேயுள்ள பேக்கர் ஏரியின் நீர்மட்டத்தையே குறைத்தார்கள். சறுக்குபவருக்கு ஆபத்து வேறு வகை: ஆவித் துளைகள் பனியை அடியிலிருந்து உருக்கிக் குகையாக்கும், அங்கே ஹைட்ரஜன் சல்பைடும் கரியமில வாயுவும் தேங்கும். கலிபோர்னியாவின் மாமத் மலையில் 2006 ஏப்ரலில் ஆவித் துளைக்கு மேலிருந்த பனி உள்வாங்கி, பனிச்சறுக்குக் காவலர்கள் 3 பேர் உள்ளேயே இறந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விலகிப் போங்கள். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியடையாதீர்கள். சல்பைடு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும். விளிம்பில் காற்றுக்கு மறைவாகப் பள்ளம் தேடி உட்கார்ந்து சாப்பிடுவதும் கூடாது.

இன்னொன்று கூம்பு வடிவம். மேலே எல்லாச் சரிவும் ஒரே இடத்தில் தொடங்குகிறது, கீழே வெவ்வேறு பள்ளத்தாக்கில் முடிகிறது. மூடுபனியில் 10 டிகிரி திசை தவறினால் 2 கி.மீ.யில் 350 மீட்டர் விலகியிருப்பீர்கள். ஈஸ்டனிலிருந்து மேற்கே விலகினால் டெமிங் பனியாற்றின் உடைந்த ஐஸ், கிழக்கே போனால் ஸ்குவாக் பனியாறு. ஏறும்போதே ஜிபிஎஸ் தடத்தைப் பதிந்து, மேகம் சூழ்ந்தால் சறுக்குவதை விட்டுத் தடத்தோடு மெல்ல இறங்குங்கள்.

ஜூலை நடுவில் ஈஸ்டனின் கீழ்ப்பகுதியில் ஐஸ் வெளியே வந்து, பிளவுகள் வாய் திறந்து, வழி வளைந்து வளைந்து போகத் தொடங்கும்போது பேக்கரை விட்டுவிட்டு அதே மாநிலத்திலுள்ள ஆடம்ஸ் மலைக்குப் போகலாம். அதன் தென்முகம் பெரும்பாலும் பிளவுள்ள பனியாற்றைத் தொடாமலேயே மேலே போகிறது. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச்சீட்டு வேண்டும். தென்மேற்கு ஓடைச்சரிவில் இறங்குகிறவர்கள் அடியில் கிழக்கே குறுக்காக வெட்டிப் பாதைக்குத் திரும்பும் இடத்தை ஏறுமுன்னரே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் பூட்ஸோடு காட்டில் சில மணி நேரம்.