பிற இனத்தாரை வரவேற்கும் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைச் சபை ஒன்றில் வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டு மாணவர்களும் தொடர்ந்து ஆராதனைக்கு வரத் தொடங்கினால், சபையை நிர்வகிக்கும் சேகரக் குழு உடனே ஒரு துணைக் குழுவை அமைத்துவிடும். இந்தப் பணியில் முன்பே ஈடுபட்டவன் என்ற முறையில், அத்தகைய துணைக் குழுக்களின் முதல் கூட்டத்துக்கு என்னையும் அழைப்பதுண்டு. அங்கே தீட்டப்படும் திட்டங்களைக் கேட்கும்போது, எங்கள் குழு தொடக்கத்தில் செய்த பிழைகள் அதே வரிசையில், புதிய உற்சாகத்துடன் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். முகம் சுளிக்காமல் வரவேற்க வேண்டும், நிறத்தையோ கண்களையோ குறித்துப் பேசக் கூடாது என்பவற்றை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. நல்லெண்ணம் உள்ளவர்களே செய்யும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லோரையும் ஒரே பட்டியலில் அடைப்பது

அண்ணா நகர் அழகு நிலையத்தில் வேலை செய்யும் மிசோ பெண்ணையும், வேளச்சேரி உணவகத்தில் பரிமாறும் நாகா இளைஞரையும், மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் மேகாலயாவின் காசி இனப் பெண்ணையும் ‘வடகிழக்கு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதிவிட்டு, அவர்களுக்கென ஒரு பொறுப்பாளரை நியமிப்பது எல்லாத் துணைக் குழுக்களும் செய்யும் முதல் வேலை. மிசோக்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டேரியர் அல்லது பாப்டிஸ்ட் மரபினர். நாகர்களில் மிகுதியானோர் பாப்டிஸ்டுகள். காசிகளில் பிரஸ்பிட்டேரியரும் கத்தோலிக்கரும் உண்டு. ஜார்க்கண்டிலிருந்து அம்பத்தூருக்கும் ஒரகடத்துக்கும் வேலை தேடி வரும் முண்டா, ஒராவோன், கரியா மக்களை ‘வடக்கத்தியர்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்களில் பலர் கத்தோலிக்கர், இன்னும் பலர் 1845-இல் ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனரிகளின் வழிவந்த லுத்தரன் சபையினர். இதை அறியாத ஒரு குழு, குழந்தை பிறந்த நாகா பாப்டிஸ்ட் தம்பதியரிடம் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கச் சொல்லி அவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தியது. குழந்தை வளர்ந்து, தானே விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே திருமுழுக்கு என்பது அவர்களுடைய மரபு.

மொழியிலும் இதே அவசரம் உண்டு. இந்தியில் பேசினால் வடகிழக்கிலிருந்து வரும் அனைவருக்கும் புரியும் என்று நினைக்கிறார்கள். நாகாலாந்தின் ஆட்சிமொழி ஆங்கிலம். மிசோரமில் அன்றாடப் பேச்சு மிசோ மொழியில்தான். இந்தியைக் கண்டால் நமக்கு உண்டாகும் தயக்கம் அவர்களிலும் பலருக்கு உண்டு என்பதை நம்மவர்கள் எப்படி மறந்துபோகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மணிப்பூர் விஷயத்தில் கவனம் இன்னும் அதிகமாகத் தேவை. 2023 மே 3 அன்று அங்கே தொடங்கிய மோதலில் குக்கி-ஜோ மக்களும் மெய்தெய் மக்களும் வீடுகளையும் உறவினரையும் இழந்திருக்கிறார்கள். மெய்தெய்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. ‘மணிப்பூர் குழு’ என்று பெயரிட்டு இரு தரப்பாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்வது துணிச்சலான ஊழியமாகத் தோன்றலாம். அவர்களாகக் கேட்காதவரை அதைச் செய்யாதீர்கள்.

ஆராதனை நேரம்

உணவகங்களுக்கும் அழகு நிலையங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் மிகுந்த நாள். வார விடுப்பு செவ்வாயிலோ புதனிலோ வரும். காலை எட்டரை மணி ஆராதனைக்கு வராதவர்களை ஆர்வமற்றவர்கள் என்று குறித்துக்கொள்வதற்கு முன், அவர்களுடைய பணிநேரம் என்ன என்று விசாரியுங்கள்.

மேடையோடு நிறுத்திக்கொள்வது

இந்தத் தவறைப் பற்றிப் பேசும்போது இன்றும் என் குரல் சற்று உயர்ந்துவிடும். திட்டம் ஏறக்குறைய எல்லாச் சபைகளிலும் ஒன்றுதான். அறுப்பின் பண்டிகையன்றோ சபை நாளன்றோ மிசோ பெண்கள் தங்கள் மரபு உடையான புவான் உடுத்தியும், நாகர்கள் தங்கள் குலத்துச் சால்வையைப் போர்த்தியும், ஆப்பிரிக்க மாணவர்கள் தங்கள் நாட்டு உடையிலும் முன்னே வந்து ஆளுக்கொரு பாடல் பாடுவார்கள், சபையார் கைதட்டுவார்கள், ஆயர் பல மொழியினர் கூடிய பெந்தெகொஸ்தே நாளை நினைவூட்டுவார், திருமண்டல இதழுக்குப் படம் போகும், சபை விருந்தான அசனம் முடிந்ததும் அவர்கள் பேருந்தேறிப் போய்விடுவார்கள். அடுத்த அழைப்பு அடுத்த பண்டிகைக்குத்தான். ஆண்டுக்கொருமுறை பரணிலிருந்து இறக்கித் துடைத்து அடுக்கும் கொலுப் பொம்மைகளைப் போல அவர்களை நடத்துகிறோம் என்பது, அடுக்குகிறவர்களுக்குத் தெரிவதேயில்லை.

நான் நன்கு அறிந்த ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு மிசோ தம்பதியர், பண்டிகைகளில் அழைத்தபோதெல்லாம் தயங்காமல் பாடியவர்கள். அவர்கள் சொன்னால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள் என்ற அளவுக்குத் தம் மக்களிடையே மதிப்புள்ளவர்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. பிரஸ்பிட்டேரியர் என்பதால் குழந்தைத் திருமுழுக்கு அவர்களுக்கு இயல்பானது. தென்னிந்தியத் திருச்சபையே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் மரபினரோடு பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையினரும் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையின் புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது என்பதால், சபைக்கும் அதில் தடை இருக்க முகாந்திரமில்லை. ஆனால் விண்ணப்பம் சேகரக் குழுவுக்கு வந்தபோது, உறுப்பினர்களின் சந்தாப் பதிவேட்டில் பெயர் இல்லை, சொந்தச் சபையின் கடிதம் இல்லை, நிரந்தர முகவரி இல்லை என்ற மூன்று குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. சந்தா கட்டுவது எப்படி என்று பல மாதங்களுக்கு முன்பே தாம் கேட்டதாகவும், ‘உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமமெல்லாம், நீங்கள் வந்தாலே எங்களுக்குச் சந்தோஷம்’ என்ற பதில் கிடைத்ததாகவும் கணவர் அமைதியாகச் சொன்னார். அந்தப் பதில் அன்போடு சொல்லப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடைசியில் ஒரு மூப்பர், பதிவேட்டில் எழுதாமல் திருமுழுக்கு மட்டும் கொடுத்துவிடலாம் என்று பெருந்தன்மையோடு முன்மொழிந்தார். அவர்கள் நன்றி சொல்லி விடைபெற்று, விடுப்பில் ஊருக்குப் போனபோது அங்கேயே குழந்தைக்குத் திருமுழுக்குப் பெற்றார்கள்.

அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு மிசோக்கள் ஒருவரும் வரவில்லை. குழுவின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் அதற்கு எழுதப்பட்ட காரணம், ‘அழைப்பு தாமதமாக அனுப்பப்பட்டது, இனி முன்கூட்டியே அனுப்ப வேண்டும்’ என்பது.

இதில் இழந்தது என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குடும்பம் மட்டும் விலகவில்லை; புதிதாகச் சென்னைக்கு வருகிறவர்களுக்கு ‘அந்தக் கோவிலுக்குப் போகலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்களும் மூடிக்கொண்டன. அவர்கள் எதையும் கொடுக்கும் நிலையில் இல்லை என்று நாம் எண்ணியதும் அறியாமைதான். மிசோரம் சபைகளில் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்துவைப்பது நெடுநாள் வழக்கம். அதைத் திரட்டி விற்றே அவர்கள் ஊழியங்களைத் தாங்கியிருக்கிறார்கள். பிடி அரிசி எடுத்துவைப்பது நம் ஊருக்கும் புதிதல்ல. அப்படிக் கொடுத்துப் பழகியவர்களிடம் ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்று சொல்வது, நீங்கள் இந்த வீட்டார் அல்லர் என்று சொல்வதேயாகும்.

எருசலேமின் முதல் சபைக்கும் இதே சிக்கல் வந்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறையிட்டதை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. முறையிட்டவர்களைச் சிறப்பு விருந்துக்கு அழைத்துச் சமாதானப்படுத்தியதாக அங்கே எழுதியில்லை. பந்தி விசாரணைக்கு எழுவர் நியமிக்கப்பட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பின் கையிலேயே பங்கீடு போய்ச் சேர்ந்தது. இந்தப் பகுதியை வைத்து உதவிக்காரரின் கடமைகளைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் ஏராளம்; அந்தப் பெயர்களைப் பற்றிக் கேட்டவை மிகச் சில.

நம் மண்ணிலிருந்தே இன்னொரு சாட்சி உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில் ஊழியம் செய்து 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியபோது, மிஷனரிகளின் தியாகங்களை ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டார். அன்று மேலைநாட்டாரை நோக்கி ஒரு தமிழர் எழுப்பிய அந்தக் கேள்வியை, இன்று நம்மை நோக்கி ஒரு கரியா தொழிலாளி எழுப்பினால் நம்மிடம் பதில் இருக்கிறதா என்பதைச் சேகரக் குழுக்கள் யோசிக்க வேண்டும்.

ஆகவே நான் வலியுறுத்துவது இதுதான். மூன்று மாதம் தொடர்ந்து வருகிற எவருக்கும், அவர் கேட்காமலே சந்தா அட்டையைக் கொடுத்து, விதிகளை அவருக்குப் புரியும் மொழியில் விளக்குங்கள். அசனத்தில் அவர்களை முதல் பந்தியில் உட்காரவைக்கும் ஆர்வத்தை விட்டு, சமையல் அண்டாவின் பக்கம் நிற்க அழையுங்கள். ஆராதனை முடிந்தபின் காணிக்கை எண்ணும் மேசைக்கு அவர்களில் ஒருவரை முறைவைத்து அழையுங்கள். சென்னைச் சபைகளில் யார் யாரை நம்புகிறார்கள் என்பது அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குழுத் தேர்தலில் நிற்க விதி இடம் தராவிட்டால், சிறப்பு அழைப்பாளராகவேனும் வரவு செலவுத் திட்டம் பேசப்படும் கூட்டத்தில் உட்காரவையுங்கள். இதற்கெல்லாம் பிறகு அவர்கள் மேடையில் பாட விரும்பினால் பாடட்டும்.

தனி ஆராதனை தொடங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது

தாய்மொழியில் ஜெபிப்பது எவருக்கும் தேவை. இந்த நகரத்தில் தெலுங்குச் சபைகளும் மலையாளச் சபைகளும் நெடுங்காலமாக இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடத்தைத் திறந்துவிட்டு, மின்கட்டணத்துக்கென ஒரு தொகையும் வாங்கிக்கொண்டு, சபையின் பன்மையைப் பறைசாற்றுவது வேறு. மத்தியப் பிரதேசத்தின் தமோவில் 1897-இல் பிறந்த அமெரிக்க மிஷனரி டொனால்ட் மெக்காவ்ரன், இனம், மொழி, வர்க்கம் என்ற வரம்புகளைக் கடக்காமலே கிறிஸ்தவர்களாக மக்கள் விரும்புகிறார்கள் என்று வாதிட்டவர். நம் நாட்டுச் சாதிக் குழுக்களைக் கண்டு அவர் வகுத்த அந்தக் கருத்து அமெரிக்கா சென்று, சபை வளர்ச்சிக் கோட்பாடாகப் பெயர் பெற்று, கருத்தரங்குகள் வழியாக நமக்கே திரும்பி வந்திருக்கிறது. அது மக்களின் விருப்பத்தை விவரிக்கிறது. அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. தனி ஆராதனை நடக்கட்டும். திருவிருந்து ஞாயிறன்றாவது எல்லோரும் ஒரே பந்தியில் முழங்காற்படியிடுவதற்கு வழிசெய்யுங்கள்.

தலைகளை எண்ணுவது

அமெரிக்க ஆய்வாளர்கள், எந்த ஓர் இனமும் 80 விழுக்காட்டைத் தாண்டாத சபையைப் பல்லினச் சபை என்று வகுக்கிறார்கள். அந்த அளவுகோலின்படி அங்கே 1998-இல் 6 விழுக்காடாக இருந்த அத்தகைய சபைகள் 2019-இல் 16 விழுக்காடாக உயர்ந்தன. வளர்ச்சிதான்; ஆயினும் முடிவெடுப்பவர் யார் என்பதை அந்த எண் காட்டாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பினத்தாரும் உறுப்பினர்களாகவே இருந்தார்கள். மாடத்துக்குப் போகச் சொல்லி, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பியதால்தான் ரிச்சர்ட் ஆலனும் அவருடைய தோழர்களும் வெளியேறினார்கள். 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை பிறந்தது.

நம் சுவரைப் பார்க்காமல் அயலாரை அழைப்பது

நாகாலாந்துக்காரரை அன்போடு வரவேற்கும் சபையில், தென் மாவட்டத்தார் ஓர் அணியாகவும் உள்ளூரார் ஓர் அணியாகவும் நின்று சேகரத் தேர்தலில் மோதுவதைப் புதியவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். சாதி வேற்றுமையைச் சபைகளிலிருந்து உடனடியாக நீக்க வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதினார். வடக்கன்குளம் ஆலயத்தில் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டில்தான் இடிக்கப்பட்டது. திருமண விளம்பரத்தில் உட்பிரிவைக் குறிப்பிடுகிறவர்கள் பல்லினக் குழுவுக்குத் தலைமை தாங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வெளியாள் தொலைவிலிருந்து வருகிறவர் என்பதால் அவரை நேசிப்பது எளிது; அவர் நம் வீட்டில் பெண் கேட்கப் போவதில்லை என்ற நம்பிக்கையும் அதில் கலந்திருக்கிறது.

உணவைப் பற்றிய கிண்டல்

வேண்டாம்.

பிரசங்க மொழிபெயர்ப்பு

ஒரு பக்கச் சுருக்கம், ஆங்கிலத்தில், முதல்நாள் இரவே.

‘எப்படியும் போய்விடுவார்கள்’ என்பது

பொறுப்புக் கொடுக்காமல் இருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஈராண்டில் போகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த நம் தாத்தாக்களையும் ஒரு காலத்தில் இந்த நகரம் அப்படித்தான் எண்ணியது. போகிறவருக்குச் சபை மாற்றுக் கடிதம் எழுதும்போது பெயர், திருமுழுக்கு விவரம் ஆகியவற்றோடு நிறுத்தாமல், இங்கே அவர் வகித்த பொறுப்பையும் குறிப்பிட்டு, ஆயரின் கையெழுத்தோடு கொடுங்கள். எழுதுவதற்குப் பொறுப்பு ஒன்றும் இல்லையென்றால், அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதை வையுங்கள்.