தேனீப் புழு செத்தால் பெட்டியை மட்டும் பார்க்காதீர்கள்

1991-92-ல் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீ (பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீ) வளர்ப்பு ஏறக்குறைய அழிந்தே போனது. தாய்லாந்து சாக்புரூட் என்ற, தேனீப் புழுவைக் கொல்லும் வைரஸ் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு எங்கும் பரவி, பத்தில் ஒன்பது பெட்டிக்கு மேல் காலியாக்கியது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் தேனை நம்பியே நடந்த குடும்பங்கள் பல அதோடு வேறு வேலை தேடிப் போயின. இத்தாலியத் தேனீ தெற்கே வேரூன்றியதும் அந்த அடிக்குப் பிறகுதான். வைரஸ் முழுதாக விலகவில்லை. இன்றும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. அப்போது செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

முதல் தவறு நோயை மாற்றிப் புரிந்துகொள்வது. அடையில் புழு செத்துக் கிடந்தால் "மெழுகுப்பூச்சி விழுந்துவிட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். மெழுகுப்பூச்சி, அதாவது புழுப் பருவத்தில் அடையைத் தின்னும் அந்துப்பூச்சி, பெரும்பாலும் கூட்டம் பலவீனப்பட்ட பிறகு வருவது. அதன் நூலாம்படையும் எச்சமும் கண்ணுக்குத் தெரிவதால் பழி அதன்மேல் விழுகிறது, பலவீனத்தின் காரணம் மறைந்துவிடுகிறது. சாக்புரூட்டில் புழு கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் சாகிறது. அறையில் நீளவாக்கில் கிடக்கும், தலைப்பக்கம் படகின் முனைபோல மேலே தூக்கியிருக்கும். ஊசியாலோ சிறு இடுக்கியாலோ எடுத்தால் உடையாமல், உள்ளே நீர் கட்டிய பையாகக் கையோடு வரும். நாற்றம் இருக்காது. புழு அறை மூடுவதற்கு முன்பே சுருண்டு செத்து, புளித்த வாடை வீசினால் ஐரோப்பிய ஃபவுல்புரூட்டைச் சந்தேகிக்க வேண்டும். மூடிய அறைக்குள் குச்சியை விட்டு இழுத்தால் பசைபோல நூலாக நீள்கிறதா? அது அமெரிக்க ஃபவுல்புரூட். பின்சொன்ன இரண்டும் பாக்டீரியா, முதலாவது வைரஸ். மருந்து பேச்சை எடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

பிரித்துப் பார்க்காததால் வருவது அடுத்த தவறு. சர்க்கரைப் பாகில் டெட்ராசைக்ளின் கலந்து வைப்பது. ஆன்டிபயாடிக்கால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. மருந்து தேனில்தான் தங்கும். பரிசோதனையில் எச்சம் தெரிந்தால் சரக்கு திரும்பிவிடும். சாக்புரூட்டுக்கு நேரடி மருந்து இல்லை என்பதை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். செய்யக்கூடியது, ராணியைக் கூண்டில் அடைத்து இரண்டு மூன்று வாரம் முட்டையிடாமல் வைப்பது. வைரஸ் நோயாக முற்றுவது இளம்புழுவில்தான். புழுவே இல்லாத இடைவெளி கிடைத்தால் பணித் தேனீக்கள் அடையைச் சுத்தம் செய்துகொள்ளும், நோயின் சங்கிலி அறும். ஆனால் வளர்ந்த தேனீ நோய்க்குறி எதுவும் காட்டாமல் வைரஸைச் சுமக்கும். "ஈயெல்லாம் நன்றாகத்தானே பறக்கிறது" என்பது ஆறுதலே தவிர ஆதாரம் இல்லை.

நோயுள்ள பெட்டியின் நல்ல அடையை எடுத்து இளைத்த பெட்டிக்குக் கொடுப்பது, ஒரே கத்தியை எல்லாப் பெட்டிக்கும் கழுவாமல் பயன்படுத்துவது, எவரிடமோ வாங்கிய தேனைத் தீவனமாக வைப்பது: இவையெல்லாம் நோயை நாமே சுமந்துபோய்க் கொடுக்கும் வழிகள். அமெரிக்க ஃபவுல்புரூட்டின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை என்பதால் கடைசியாகச் சொன்னது கூடுதல் ஆபத்து. பாகைத் திறந்த பாத்திரத்தில் வெளியே வைத்தால் ஊர்த் தேனீ முழுவதும் ஒரே இடத்தில் கூடும், ஒரு கூட்டம் இன்னொன்றின் தேனைத் திருடுவதும் தொடங்கும். பெட்டிக்குள் மாலையில் வையுங்கள். நோய் பரவிய இடத்தில் தாக்குப்பிடித்து நிற்கும் பெட்டியைக் குறித்துவைத்து, அதிலிருந்து ராணி எடுங்கள். அதிகத் தேன் தந்ததா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனித் தரைக்கு வருவோம். வைரஸ் மண்ணிலிருந்து வருவதில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நோய் வந்த கூட்டம் மீளுமா மடியுமா என்பதில் தோட்டத்துத் தரைக்குப் பங்கு உண்டு. குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதல்ல. இலை உதிர்ந்து தளிர்க்கும் பருவத்தில் இலைக்காம்பு நுனியில் சுரப்பது. அந்தச் சுரப்பில் மகரந்தம் கிடையாது. புழு வளர மகரந்தம்தான் புரதம். அது தென்னையிலிருந்தும், தரையில் கிடக்கும் தொட்டாற்சிணுங்கி, தும்பை, மூக்குத்திப்பூ போன்றவற்றிலிருந்தும் வர வேண்டும். அவற்றைத்தான் "களை" என்று சொல்லிக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுகிறோம். தேன் பெருகும் பருவத்திலேயே புழுவுக்குப் பட்டினி என்பது இப்படித்தான் நேர்கிறது.

களைக்கொல்லியின் கணக்கு அதோடு முடியவில்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கிளைபோசேட் கொடுக்கப்பட்ட தேனீக்களின் குடலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குறைந்தன. பிறகு செராட்டியா என்ற நோய்க்கிருமி தாக்கியபோது அவை அதிகமாக மடிந்தன. செடிக்கான மருந்து பூச்சியை ஒன்றும் செய்யாது என்ற வாதத்தை இந்த முடிவு ஆட்டம் காணவைத்தது. ஆய்வு இத்தாலியத் தேனீ இனத்தில் நடந்தது, நம் அடுக்குத் தேனீயில் அல்ல. இருந்தாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப் போதுமானது என்பது என் கருத்து.

தரையை மொட்டையாக்கினால் மண்ணுக்கும் நட்டம். மழை நேராக அறைந்து மேல்மண்ணை அடித்துச் செல்லும், வெயிலில் மட்கு வேகமாகக் கரையும், மண்புழு குறையும். நீலப்பட்டைத் தேனீ போன்ற தனித் தேனீக்கள் மண்ணைத் துளைத்துத்தான் கூடு கட்டுகின்றன. மாமரத்தில் மகரந்தச் சேர்க்கை செய்வதில் ஈக்களுக்குப் பெரும்பங்கு. அவற்றில் பலவற்றின் புழு வளர்வது அழுகும் கழிவில். சருகைக் கூட்டித் தீயிட்டுவிட்டு, காய் பிடிக்கவில்லை என்று ஹார்மோன் பாட்டில் வாங்கப் போவது வேடிக்கைதான். களையைக் கத்தியால் முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுங்கள், வேரோடு ஒழிக்க வேண்டாம். வெட்டியதை மரத்தடியில் மூடாக்காகப் போடலாம், தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள். பட்டை அழுகும்.

மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி என்றதும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி அடிக்கிறார்கள். மாலையில் அடித்தால் தேனீக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை இங்கே பாதிதான் செல்லும். இது செடிக்குள் ஊடுருவும் மருந்து. மறுநாள் பூவின் மதுவிலும் இருக்கும். வேரில் ஊற்றினால் மண்ணில் மாதக்கணக்கில் தங்கி அடுத்த பூவுக்கும் ஏறலாம். 2013-ல் இத்தாலிய ஆய்வாளர்கள், இதே குடும்பத்துக் கிளோதியானிடின் தேனீயின் நோயெதிர்ப்பைத் தளர்த்தி, சிறகுச் சிதைவு வைரஸ் உடலில் பெருக வழிவிடுகிறது என்று காட்டினர். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவற்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடைவிதித்தது. தத்துப்பூச்சிக்கு மருந்து தேவைப்பட்டால் பூங்கொத்து தலைகாட்டும்போதே, பூ விரிவதற்கு முன் முடித்துவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி வைத்திருப்பவரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

திராட்சைக்காரர்களுக்கு ஒன்று: போர்டோ கலவையின் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தாமிரம் சிதைந்து மறைவதில்லை. வருடாவருடம் அடித்தால் மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

தரையைக் கவனிப்பதென்றால் மண் பரிசோதனையும் வேண்டும், அதிலும் ஒரு வழக்கமான பிழை உண்டு. நெல் வயலுக்கு எடுப்பதுபோல 15 செ.மீ. ஆழத்தில் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கிறார்கள். மரத்தின் வேர் அங்கேயா நிற்கிறது? பழத்தோட்டத்துக்கு 30, 60, 90 செ.மீ. என மூன்று ஆழத்திலும் தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும். நான்கைந்து குழியாவது வேண்டும். எருக்குழி, வரப்பு ஓரம், சமீபத்தில் உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே ஆழத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்து, அரைக் கிலோவாகும்வரை குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுத்தால் போதும்.