இரண்டடி ரீஃப் தொட்டிக்கு விளக்கு தேர்ந்தெடுப்பது எப்படி?

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட் லைட் வாங்கட்டும்?" என்றுதான். என்ன பவளம் வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. பதில் தெரிந்துவிட்டால் விளக்கு வாங்கும் வேலை பாதி முடிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே எடுத்துக்கொள்ளும் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 70 லிட்டர். கல்லும் மணலும் போக 55, 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பதும் இதே அளவுதான்.

விளக்கு எதற்கு?

மீனுக்கு விளக்கு இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. நாம் பார்ப்பதற்காகத்தான் போடுகிறோம். பவளத்துக்கு அதுதான் சாப்பாடு. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. ஸூசாந்தெல்லே என்பார்கள். அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போய்விடும். வெளிச்சம் போதாவிட்டால் பவளம் மெதுவாக இளைக்கும். அளவுக்கு மிஞ்சினால் பாசிகளுக்குள் நச்சான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பெருகி, பவளம் அந்தப் பாசிகளையே வெளியே தள்ளிவிடும். வெளுத்துப்போவது என்பது இதுதான். கடலில் வெப்பம் கூடும்போதும் இதே கதை நடக்கிறது. 2016இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது அப்படித்தான்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு காளான் பவளத்தை இழந்த பிறகு. வாட் அதிகம், விலை குறைவு என்று 165 வாட் பெட்டி விளக்கு ஒன்றை வாங்கி, முதல் நாளிலிருந்தே முழு வெளிச்சத்தில் பத்து மணி நேரம் ஓட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்த சிவப்புக் காளான் மூன்றாம் நாள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியது. எட்டாம் நாள் நிறமெல்லாம் போய், நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தேன். விளக்கின் மேல் சந்தேகமே வரவில்லை.

படி 1: பவளத்தை முடிவு செய்யுங்கள்

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவுக்குப் பார் (PAR) என்று பெயர். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (துகள்களை மொத்தமாக எண்ணும் அலகு) விழுகின்றன என்பதே அது. ரீஃப் வைப்பவர்கள் பேசுவதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான். காளான் பவளத்துக்கு 30 முதல் 80 பார் தாராளம். ஸோவாந்திட் (கொத்தாக வளரும் பொத்தான் பவளம்), லெதர் (தோல் போன்ற பவளம்) வகைகளுக்கு 80 முதல் 150. அக்ரோபோரா போன்ற கிளைவிடும் கல்பவளங்களுக்கு 200 முதல் 350. நடுப்பகல் வெயில் 2000ஐ ஒட்டி இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், தொடக்கக்காரர் வைக்கும் பவளங்களுக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பது புரியும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் எல்லாக் கல்பவளங்களும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுத்ததை யாராவது ரகசியமாகக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மிச்சமிருப்பது நம் வரவேற்பறைக்கு வரவேண்டிய பொருள் கிடையாது. மென்பவளம் (கல் கூடு இல்லாத வகை) வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது, காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் வெறும் கையோடு திரும்பிவிடலாம்.

ஆக, இனி காளான், ஸோவாந்திட், லெதர் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 50 முதல் 120 பார்.

படி 2: வாட்டை மறந்து, பரவலைப் பாருங்கள்

லிட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கு குழல்விளக்கும் மெட்டல் ஹாலைடும் இருந்த காலத்தது. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். பவளத்தின் மேல் எவ்வளவு விழுகிறது என்பதை அது சொல்லாது. என்னுடைய பெட்டி விளக்கில் 55 எல்இடி, ஒவ்வொன்றும் 3 வாட், பெருக்கினால் 165. அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது அந்தப் பெருக்கல்தான். பிளக்கில் மின்மீட்டர் வைத்துப் பார்த்தபோது அதைவிட நிறையவே குறைவாகத்தான் இழுத்தது.

தொட்டி ஆழம் 35 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே என்பதால், தண்ணீர் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இவ்வளவு ஆழத்தில் இழப்பு மிகக் குறைவு. வெளிச்சம் குறைவதற்குக் காரணம் தூரமும் கோணமும். ஒற்றை வட்ட விளக்கை இரண்டடித் தொட்டியின் நடுவில் மாட்டினால் நடுவில் கொட்டும், இரண்டு ஓரமும் மங்கும், பாறைக்குப் பின்னால் கன்னங்கரேல் என்று நிழல் விழும். ஓரடிக் கனசதுரத் தொட்டிக்கு அது சரி. இரண்டடிக்கு, தொட்டி நீளத்துக்கு வரும் பட்டை விளக்கு அல்லது இரண்டு சின்ன விளக்குகள் நல்லது. கெசில் ஏ80 மாதிரி 15 வாட் விளக்கு இரண்டு போட்டாலும் மென்பவளத்துக்குப் போதும். ஒரே விளக்குதான் என்றால், அகலக் கோண லென்ஸ் உள்ளதாகப் பார்த்து, அதிக வெளிச்சம் கேட்கும் பவளத்தை நடுவிலும் காளானை ஓரத்திலும் வையுங்கள்.

படி 3: நிறம்

கடலில் சிவப்பொளி முதல் சில மீட்டரிலேயே காணாமல் போய்விடுகிறது. ஆழத்துக்கு இறங்குவது நீலம். பவளத்துக்குள் இருக்கும் பாசி 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ரீஃப் விளக்கில் நீலம் தூக்கலாக இருப்பது இதனால்தான். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில் சொன்னால் 10,000 முதல் 20,000 வரை. செடித்தொட்டி விளக்கு வீட்டில் சும்மா கிடக்கிறதே, அதைப் போடலாமா என்று கேட்பார்கள். 6,500 கெல்வின் விளக்கில் பவளம் உடனே செத்துப்போகாது. ஆனால் தொட்டி மஞ்சளாகத் தெரியும், பவளத்தின் மின்னும் நிறங்களும் வெளியே வராது. பச்சையாக, ஆரஞ்சாக ஒளிர்வது பவளத்தில் உள்ள சில புரதங்கள். நீலத்தை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருபவை. நீலம் இல்லையென்றால் அவை ஒளிராது.

கடையில் வாங்கும்போது வெள்ளைக்கும் நீலத்துக்கும் தனித்தனி சேனல், டிம்மர், டைமர் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் எதை விட்டாலும் டிம்மரை மட்டும் விடாதீர்கள். டைமரைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். வெளிச்சத்தைக் குறைக்க முடியாத விளக்கை ஒன்றும் செய்ய முடியாது.

படி 4: தண்ணீர் ஊற்றும் முன் அளந்து பாருங்கள்

எனக்கு மிகவும் உதவிய வேலை இது. காலித் தொட்டிக்கு மேல், விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கை மாட்டுங்கள். கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் இலவச லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, முன்கேமரா மேலே பார்க்கும்படி தொட்டியின் தரையில் வையுங்கள். நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் மூன்று என ஒன்பது இடங்களில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சேனலும் எரிய வேண்டும். வெறும் நீலத்தை லக்ஸ் மீட்டர் சரியாகப் பிடிக்காது.

என் தொட்டியில் நடுவில் 9,000 லக்ஸ், இடது ஓரத்தில் 3,500 காட்டியது. இந்த எண்களைப் பாராக மாற்ற முயலாதீர்கள்; நீலம் அதிகமுள்ள விளக்கில் கணக்கு தப்பும். நமக்கு வேண்டியது எந்த மூலை எவ்வளவு மங்கல் என்பதுதான். விளக்கை 5 சென்டிமீட்டர் உயர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். நடுவில் குறையும், ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசமும் சுருங்கும். உங்களுக்குப் பிடித்த உயரத்தை அப்படியே முடிவு செய்துகொள்ளலாம். தண்ணீருக்குள் அளக்கும் அப்போஜி எம்.கியூ-510 போன்ற உண்மையான பார் மீட்டர் விலை அதிகம். வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மாலை இரவல் வாங்கினால் போதும், ஆயுளுக்கும் வாங்கி வைக்க வேண்டியதில்லை.

படி 5: மெதுவாக ஏற்றுங்கள்

கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகித் தொட்டி பக்குவப்படும் முதல் நான்கு முதல் ஆறு வாரம் விளக்கே வேண்டாம். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை. எரியவிட்டால் பழுப்புப் பாசிதான் கல் முழுக்கப் படரும்.

பவளம் வந்த அன்று நீலம் 30 சதவீதம், வெள்ளை 5 சதவீதம், ஆறு மணி நேரம். புதுப் பவளம் முதலில் மணலில் இருக்கட்டும். வாரத்துக்கு 5 சதவீதம் நீலத்தைக் கூட்டி, நேரத்தையும் அரைமணி அரைமணியாக நீட்டி, எட்டு அல்லது ஒன்பது மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் நண்பகல் 12 முதல் இரவு 9 வரை எரிகிறது. வேலை முடிந்து வந்து பார்க்க அதுதான் வசதி. பெரும்பாலான மென்பவளத் தொட்டிகள் நீலம் 50, 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று கை துறுதுறுக்கும். ஏற்றாதீர்கள்.

அப்புறம் எண்ணை விட்டுவிட்டுப் பவளத்தைப் பாருங்கள். ஸோவாந்திட்டின் காம்பு விளக்கை நோக்கி நீண்டு, தலை எட்டிப்பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. காம்பு குட்டையாக, பாறையோடு பாறையாகப் படுத்திருந்தால் திருப்தியாக இருக்கிறது. பல நாள் மூடியே கிடந்தால் வெளிச்சம் அதிகமாக இருக்கலாம். காளான் தட்டையாக விரிந்தால் நலம். ஓரம் உள்ளே மடங்கிச் சுருங்கி நிறம் வெளிறினால் உடனே நிழலுக்கு நகர்த்துங்கள். நிறம் மங்கிப் பழுப்பேறினால் வெளிச்சம் குறைவு என்று பொருள்: கிடைக்கும் கொஞ்சத்தையும் பிடிக்கப் பவளம் உள்ளே பாசியைப் பெருக்கிக்கொள்கிறது. லெதர் மட்டும் விதிவிலக்கு. அவ்வப்போது சில நாள் மூடிக்கொண்டு மெழுகு மாதிரி தோலை உரிக்கும். அது வழக்கம்தான், விளக்கைத் தொடாதீர்கள்.

ஒன்றை மாற்றினால் ஒரு வாரம் காத்திருங்கள். இன்று விளக்கு, நாளை உப்பு, மறுநாள் இடம் என்று மாற்றிக்கொண்டே போனால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

உப்பும் கரண்டும்

தெறிக்கும் கடல்நீர் காய்ந்து விளக்கின் லென்ஸில் வெள்ளைப் படலமாகப் படியும். வாரம் ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மூடிக் கண்ணாடி இருந்தால் அதையும். ஒயர், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டி நிற்கும், பிளக்குக்குள் போகாது. அந்த இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கரண்ட் போனால் விளக்கை இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டியதில்லை. ஓரிரு நாள் இருட்டைப் பவளம் தாங்கிக்கொள்ளும். அலை எழுப்பும் சின்ன மோட்டாரை மட்டும் இன்வெர்ட்டரில் போடுங்கள். தண்ணீர் அசையாமல் நின்றால் ஆக்ஸிஜன் குறைந்து, மீனும் பவளமும் சில மணி நேரத்திலேயே திணறத் தொடங்கும்.