அணுக்கடிகாரத்தில் அணு ஊசல் போல ஆடுவதில்லை

அணுக்கடிகாரம் என்றதும் பலருக்கு அணு உலையும் அணுகுண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. சீசியம் என்று சேர்த்துச் சொன்னால் கேட்கவே வேண்டாம். செர்னோபிலில் சிதறியது அதுதானே என்பார்கள். அது சீசியம்-137. கடிகாரத்தில் இருப்பது சீசியம்-133. இயற்கையில் கிடைக்கும் சீசியம் முழுவதும் இந்த ஒரே வகைதான், கதிரியக்கம் கிடையாது. ஆகவே, அணு சிதைவதை எண்ணித்தான் நேரம் கணக்கிடுகிறார்கள் என்று எழுதினால் அடிப்படையே பிசகிவிடும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று நல்ல விளக்கங்களில்கூடப் புகுந்துவிடுகிறது: ‘சீசியம் அணு வினாடிக்கு 919 கோடி முறை ஆடுகிறது, அதை எண்ணுகிறோம்.’ அணு அப்படி ஆடுவதில்லை. எலக்ட்ரான் கருவைச் சுற்றுவதையும் யாரும் எண்ணுவதில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருப்பது நம் கைக்கடிகாரத்தின் உறவுக்காரனான குவார்ட்ஸ் படிகம்தான். தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பது தந்தி, நேரம் போகப் போக அது சற்று இறங்கும். சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பிருடையைத் திருப்பிச் சேர்ப்பார்கள். இங்கே தந்தி குவார்ட்ஸ், சுருதி சீசியம்.

சரி, சுருதி விலகியது எப்படித் தெரியும்? சீசியத்தின் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கிறது. அதற்கும் அணுக்கருவுக்கும் சிறிய காந்தத்தன்மை உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் விதத்தில் இரு நிலைகள். இரண்டுக்கும் ஆற்றலில் மிக மிகச் சிறிய வித்தியாசம். குவார்ட்ஸின் அதிர்விலிருந்து உருவாக்கிய மைக்ரோவேவை இந்த அணுக்கள் மேல் பாய்ச்சுகிறார்கள். அதன் அதிர்வெண் 919,26,31,770 ஹெர்ட்ஸாக இருந்தால் ஏராளமான அணுக்கள் நிலை மாறும். கொஞ்சம் விலகினாலும் மாறுபவை குறையும். குறைந்த உடனே மின்சுற்று குவார்ட்ஸைத் திருத்தும். 1955இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் இதை நடைமுறையில் ஓட்டிக் காட்டினார்கள். 1967இல் வினாடியின் வரையறையே அந்த எண்ணாகிவிட்டது.

அப்புறம், எந்தத் தனிமம் சிறந்தது என்று தரவரிசை போடும் பழக்கம். இது வேலைக்கு ஏற்ற ஆளைத் தேர்வதைப் போன்றது. ருபீடியம் கடிகாரம் சிறியது, எடை குறைவு, அதனால் செயற்கைக்கோள்களுக்குப் பிடித்தமானது. ஆனால் நாளடைவில் மெல்ல விலகும், தரையிலிருந்து திருத்த வேண்டும். ஹைட்ரஜன் மேசர், அதாவது ஹைட்ரஜன் அணுக்கள் உமிழும் மைக்ரோவேவைக் கொண்டு ஓடும் கடிகாரம், சில மணி நேரம், சில நாள் அளவில் அபாரமான சீராக ஓடும். ஸ்ட்ரான்சியம் கடிகாரம் மைக்ரோவேவை விட்டு ஒளிக்கே போய்விட்டது: வினாடிக்கு ஏறத்தாழ 429 லட்சம் கோடி அதிர்வுகள். துல்லியத்தில் சீசியத்தை அது தாண்டிவிட்டது. ஆனாலும் வினாடியின் அதிகாரபூர்வ வரையறை இன்றும் சீசியத்திடம்தான் இருக்கிறது.

அணுக்கடிகாரம் பற்றி அடிக்கடி வரும் ‘30 கோடி ஆண்டுகளில் ஒரு வினாடிதான் பிசகும்’ என்ற வரியையும் கவனமாகப் படிக்க வேண்டும். அது பிழையின் விகிதம். கடிகாரத்தின் ஆயுள் அல்ல. கடையில் வாங்கும் சீசியம் கடிகாரத்தின் குழாயைச் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். இந்தியாவின் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ என்ற வழிகாட்டும் செயற்கைக்கோளில் இருந்த 3 ருபீடியம் கடிகாரங்களும் பழுதாகி, அதைக் கொண்டு இருப்பிடம் கணிக்க முடியாமல் போயிற்று. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 என்ற அடுத்த தலைமுறை வழிகாட்டும் செயற்கைக்கோளில் உள்நாட்டிலேயே உருவாக்கிய ருபீடியம் கடிகாரம் பறந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அதுதான் காரணம்.

கடைசியாக, ஜிபிஎஸ். நம் போனுக்குள் அணுக்கடிகாரம் இல்லை, வெறும் குவார்ட்ஸ்தான். அணுக்கடிகாரங்கள் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் மேலே சுற்றுகின்றன. அவை தரையில் உள்ளதைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடுவதைக் கடிகாரத்தின் குறை என்று சிலர் எழுதுகிறார்கள். குறையே இல்லை. உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோவினாடி கூடுகிறது, செயற்கைக்கோளின் வேகத்தால் 7 கழிகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் சொல்வதும் இதைத்தான். ஒளி ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் போய்விடும் என்பதால், இதை அப்படியே விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். அதனால் 10.23 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய ஜிபிஎஸ் கடிகாரத்தை, தரையில் இருக்கும்போதே 10.22999999543 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்துவைத்து அனுப்புகிறார்கள்.