குளிர்காலத்தில் குளியலறை: ஹீட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

குளிர்காலக் குளியலறை என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது ஹீட்டர்தான். ஆனால் கதவுக்கு அடியில் சில்லென்று காற்று புகுந்துகொண்டே இருக்கும் அறையில் எவ்வளவு பெரிய ஹீட்டரை மாட்டினாலும் சூடு தங்காது. அதனால் இங்கே ஹீட்டர் பிற்பகுதியில்தான் வரும். அதற்கு முந்தைய வேலைகளை முடித்த பிறகு, அது தேவையே இல்லை என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம்.

குளித்து முடித்ததும் வெடவெடவென்று நடுங்குவது ஏன்? ஒரு கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி போதும். அதே ஒரு கிராம் நீர் தோலின் மேலிருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அதில் பெரும்பங்கை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. லேசாகக் காற்று அடித்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆக, சமாளிக்க வேண்டியவை மூன்று: காற்று, தரை, ஈரம்.

படி 1: காற்று எங்கே புகுகிறது என்று பாருங்கள்

எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். டிஷ்யூ தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து, கதவு ஓரம், ஜன்னல் சட்டம், குழாய் சுவருக்குள் போகும் துளை என ஒவ்வொரு இடமாகப் பிடித்துப் பாருங்கள். எங்கே தாள் ஆடுகிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது.

கதவுச் சட்டத்தில் ஒட்டும் ஃபோம் பட்டை போதும். கதவின் அடியில் பிரஷ் வைத்த பட்டை மாட்டலாம். ஆனால் முழுக்க அடைத்துவிட வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது விடுங்கள். உள்ளே வரக் காற்று இல்லையென்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் வெறுமனே சுற்றும், எதையும் வெளியே தள்ளாது. ஜன்னல் கண்ணாடி ஒற்றையாக இருந்தால், அதில் தண்ணீர் தெளித்து, பொருள்களைச் சுற்றி வரும் குமிழ் பிளாஸ்டிக்கை ஒட்டுங்கள், குமிழ்ப் பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்கட்டும். பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் நடுவில் சிக்கும் காற்று குளிரைத் தடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் இந்தப் படியைத் தொடவே தொடாதீர்கள். காற்றோட்டம் குறைந்தால் எரிவாயு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மயக்கம் வரும் வரை தெரியாது, அதற்குப் பிறகு கதவைத் திறக்க உடம்பில் தெம்பு இருக்காது. முதலில் அந்தக் கீசரை வெளியே மாற்றுங்கள், இடுக்குகளை அப்புறம் அடைக்கலாம். கரி அடுப்பை உள்ளே வைத்து அறையைச் சூடாக்குவதும் இதே ஆபத்துதான்.

படி 2: காலுக்குக் கீழே

டைல்ஸும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் டைல்ஸ்தான் சில்லென்று இருக்கும், காலின் சூட்டை அது வேகமாக இழுத்துக்கொள்வதால். தண்ணீர் விழும் இடத்தில் வழுக்காத, இடைவெளி விட்ட பிளாஸ்டிக் அல்லது மரத் தட்டு, வெளியே காலடி வைக்கும் இடத்தில் அடியில் ரப்பர் உள்ள கெட்டியான மிதியடி. அவ்வளவுதான்.

படி 3: வெந்நீரின் சூட்டை வீணாக்காதீர்கள்

ஷவர் இருந்தால் திரைச்சீலை போடுங்கள். ஆவி அறை முழுக்கப் பரவாமல் உங்களைச் சுற்றியே நிற்கும். வாளியில் குளிப்பவர்கள், உடையைக் களையும் முன்பே தரையிலும் பக்கத்துச் சுவரிலும் இரண்டு மக் வெந்நீரை ஊற்றிவிடுங்கள்.

தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் கீசர் என்றால் 60 டிகிரி செல்சியஸ் நல்ல அளவு. அதற்கு மிகவும் கீழே வைத்தால் தொட்டிக்குள் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரலாம். ஆனால் அதே 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். எனவே வாளியில் எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். குளிக்க 38 முதல் 40 டிகிரி போதும்.

படி 4: உள்ளேயே துவட்டுங்கள்

காசு செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான், பெரும்பாலானோர் விட்டுவிடுவதும் இதைத்தான். துண்டைத் திரைக்கு உள்ளே கை எட்டும் இடத்தில், தண்ணீர் படாமல் மாட்டுங்கள். ஷவரை நிறுத்தியதும் திரையைத் திறக்காமல், ஆவி கலையும் முன்பே தலையையும் உடம்பையும் நன்றாகத் துவட்டிவிடுங்கள். ஈரம் போன பிறகு அதே அறை அவ்வளவு குளிராகத் தெரியாது.

படி 5: இன்னும் குளிர்ந்தால், ஹீட்டர்

4 சதுர மீட்டர் குளியலறையில் ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று இருக்கும். காற்றை மட்டும் 10 டிகிரி உயர்த்த 1,000 வாட் ஹீட்டருக்கு இரண்டு நிமிடம் போதும் என்கிறது கணக்கு. நிஜத்தில் சுவரும் டைல்ஸும் சூட்டைக் குடித்துவிடுவதால் அதைவிட நெடுநேரம் ஆகும். ஆகவே காற்றை ஊதும் ஹீட்டரைவிட, உடம்பின் மேல் நேராகச் சூடு படும் அகச்சிவப்பு ஹீட்டர் குளியலறைக்குப் பொருத்தம் என்பேன். ஈர உடம்பில் ஊதும் காற்று, சூடாக இருந்தாலும், முதலில் குளிரத்தான் செய்யும்.

எதை வாங்கினாலும் ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேல் தரக்குறியீடு உள்ளதா என்று பாருங்கள், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். சுவரில் உயரமாக, தண்ணீர் எட்டாத தூரத்தில், எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். சுவிட்ச் வெளியே இருப்பது நல்லது. அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். படுக்கையறை ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்து வந்து வைப்பது கூடவே கூடாது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், வெந்நீரில் விரிந்து இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் அவர்களுக்குத் தலைசுற்றலையும் தடுமாற்றத்தையும் தரக்கூடும்.

படி 6: குளித்த பிறகு

சூடு போய்விடுமே என்று பலர் எக்ஸாஸ்ட் ஃபேனையே போடுவதில்லை. குளிக்கும்போது அணைத்து வைக்கலாம், தவறில்லை. வெளியே வந்ததும் 15 முதல் 20 நிமிடம் ஓடவிடுங்கள். அதற்கு முன் சுவரையும் தரையையும் வைப்பரால் வழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஈரம் அப்படியே நின்றால் மூலைகளில் பூஞ்சை பிடிக்கும். ஈரச் சுவர் காயும்போது அறையின் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். மிதியடியையும் தட்டையும் தூக்கிச் சாய்த்து வையுங்கள். காயாத மிதியடி, மறுநாள் காலையில் டைல்ஸைப் போலவே சில்லிட்டிருக்கும்.